“எங்க வம்சமே இப்படித்தான்”: முதியோரின் நடை குறித்து எங்கள் நிலைப்பாடு

இயன்முறை மருத்துவர்கள், முதியோர் நல மருத்துவர்கள், செவிலியர்கள், மனநல ஆலோசகர்கள், வீட்டில் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் எனப் பலரும் சேர்ந்து நடத்தும் அமைப்பு எங்களுடையது. வயதானவர்களின் நடை தளர்வதில் மரபணுவுக்கு எவ்வளவு பங்கு, மனத்துக்கு எவ்வளவு பங்கு என்று எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். எச்சில் மாதிரியை அனுப்பிவைத்தால் உங்கள் தசையின் தலையெழுத்தையே சொல்லிவிடுகிறோம் என்ற விளம்பரங்கள் வரத் தொடங்கிய பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடியிருக்கிறது. எங்கள் பதிலை இங்கே வெளிப்படையாகச் சொல்கிறோம்.

நடையில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் பெரும்பாலான முதியவர்களுக்கு அந்தப் பங்கு, துளித்துளியாகச் சேர்ந்த பல நூறு சிறு பாதிப்புகளின் கூட்டு. எந்த ஒரு சோதனையும் இன்றைக்கு அதைப் படித்து ஒருவர் நடப்பாரா முடங்குவாரா என்று சொல்லிவிட முடியாது. விழுந்துவிடுவோம் என்ற பயம், மனச்சோர்வு, தனிமை, “இனிமே என்ன இருக்கு” என்ற எண்ணம் ஆகியவையும் நடையைக் கெடுக்கின்றன. இவற்றைக் கண்டுபிடிக்கலாம், மாற்றலாம். ஆகவே மருத்துவமனைகளும் அரசும் குடும்பங்களும் மாற்ற முடிந்ததிலிருந்துதான் தொடங்க வேண்டும். நடைக்காக மரபணுச் சோதனையை முதியவர்களிடம் விற்பதை நாங்கள் எதிர்க்கிறோம்.

சுவரில் ஒரு கறை

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீடு. அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. நாங்கள் போவதற்கு எட்டு மாதத்துக்கு முன் கொல்லையில் துணி துவைக்கும் கல்லருகே பாசியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, தொடையில் ஒரு பெரிய கன்றல், அதுவும் பதினைந்து நாளில் ஆறிப்போனது. அதற்குப் பிறகு அவர் வாசல்படி தாண்டவில்லை. எங்கள் இயன்முறை மருத்துவர் போனபோது முதலில் கண்ணில் பட்டது கூடத்துச் சுவர். கட்டிலிலிருந்து குளியலறை வரை, இடுப்புக்குச் சற்று மேலே, சுண்ணாம்பின் மீது எண்ணெய்ப் பிசுக்கு ஒரு கோடுபோல் ஓடியிருந்தது. எட்டு மாதம் அந்த அம்மா கை வைத்துத் தடவி நடந்த வழி அது.

மகள் சொன்னார்: “எங்க ஆயாவும் இப்படித்தான் சார், அறுபத்தஞ்சுல ஒக்காந்தவங்க எழுந்திரிக்கவே இல்ல. பெரியம்மாவும் அப்படித்தான். எங்க வம்சத்துக்கே கால் சரியில்ல. அதான் நாங்களே, நீ ஒண்ணும் பண்ணாத, சும்மா ஒக்காரு, என்ன வேணும்னாலும் கேளு, எடுத்துத் தரோம்னு சொல்லிட்டோம்.”

பாசமான பேச்சு. அதில் ஒரு சொல்கூடத் தீய நோக்கத்தில் வந்ததில்லை. ஆனால் அந்த அம்மாவை நாற்காலியில் கட்டிப்போட்டதில் அவருடைய முட்டித் தேய்மானத்துக்கு இருந்த பங்கைவிட இந்தப் பேச்சுக்கு இருந்த பங்கு பெரிது என்று நாங்கள் கருதுகிறோம். தரையில் சாக்கட்டியால் இரண்டு கோடு போட்டு, நான்கு மீட்டர் நடக்கச் சொல்லி நேரம் பார்த்தார் மருத்துவர். ஒன்பது நொடி. நடக்கும்போது கண் தரையை விட்டு அகலவில்லை. பாதம் தரையில் தேய்ந்தது. தோள் இரண்டும் காதருகே ஏறியிருந்தன. நடுவில், “அம்மா, நேத்து ராத்திரி என்ன சமையல்?” என்று கேட்டதும் சட்டென்று நின்றுவிட்டார். நின்றபடியே பதில் சொல்லிவிட்டு மறுபடி நடந்தார்.

அப்படி நின்றதில் ஒரு செய்தி இருக்கிறது. 1997-ல் சுவீடனிலிருந்து லான்செட் இதழில் ஒரு சிறு ஆய்வு வந்தது. முதியோர் குடியிருப்பு ஒன்றில் 58 பேருடன் பேசிக்கொண்டே நடந்து பார்த்தார்கள். 12 பேர் பேசும்போது நடையை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் கீழே விழுந்தார்கள். நடை என்பது காலின் வேலை மட்டும் என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இளமையில் நாம் நடப்பதை நாம் கவனிப்பதே இல்லை. வயதானபின், அதிலும் பயந்தபின், ஒவ்வொரு அடிக்கும் மூளை கவனத்தைச் செலவழிக்கிறது. அந்தக் கவனத்தைப் பேச்சு பிடுங்கிக்கொண்டால் காலுக்கு மிஞ்சுவது இல்லை.

பயம் காலில் என்ன செய்கிறது

விழுந்தவருக்கு மட்டுமல்ல, விழாதவருக்கும் இந்தப் பயம் வரும். பக்கத்து வீட்டுத் தாத்தா இடுப்பெலும்பு முறிந்து படுத்ததைப் பார்த்தாலே போதும். பயம் வந்ததும் அடி குறுகுகிறது, கால்கள் அகன்று ஊன்றுகின்றன, இரண்டு பாதமும் ஒருசேரத் தரையில் இருக்கும் நேரம் கூடுகிறது, கணுக்காலும் இடுப்பும் விறைக்கின்றன. பார்ப்பவர்கள் ஜாக்கிரதையாக நடக்கிறார் என்று நினைப்பார்கள். உண்மையில் இடறினால் சமாளித்து நிற்கத் தேவையான நெகிழ்வை அந்த விறைப்பு பறித்துவிடுகிறது. அதற்கு மேல், பயந்தவர் நடப்பதையே குறைக்கிறார். நடக்காத காலில் தசை கரைகிறது. தசை கரைந்த கால் உண்மையாகவே தள்ளாடுகிறது. முதலில் வெறும் பயமாக இருந்தது, ஆறு மாதத்தில் நியாயமான பயமாகிவிடுகிறது.

தசை எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதைக் குடும்பங்கள் உணர்வதில்லை. நல்ல உடல்நலத்தோடு இருந்த, சராசரியாக 67 வயதான சிலரைப் பத்து நாள் படுக்கையில் இருக்கச் செய்து பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. அந்தப் பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. நோயே இல்லாதவர்களுக்கு இந்தக் கதி. காய்ச்சலுக்குப் பிறகும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் “நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்” என்று வாரக்கணக்கில் படுக்க வைக்கும் வழக்கத்தை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் பயத்தை அளக்கலாம். மேரி டினெட்டி என்ற அமெரிக்க முதியோர் மருத்துவர் 1990-ல் அதற்கென்றே ஒரு கேள்விப் பட்டியலை உருவாக்கினார். குளிக்கும்போது, அலமாரியில் பொருளை எடுக்கும்போது, வீட்டுக்குள் நடக்கும்போது விழாமல் செய்வேன் என்ற நம்பிக்கை எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பது அது. முப்பது ஆண்டுக்கும் மேலாக உலகம் பயன்படுத்திவரும் இந்த எளிய கேள்விகளை நம் ஊர் புறநோயாளிகள் பிரிவில் யாரும் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. முட்டிக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், சுண்ணாம்புச்சத்து மாத்திரை எழுதுகிறார்கள். “விழுந்துருவோம்னு பயமா இருக்காம்மா?” என்ற ஒரு கேள்விக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

மனச்சோர்வின் கதையும் இதேதான், ஆனால் இன்னும் மறைவாக நடக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் “மனசு சரியில்ல” என்று சொல்வது அபூர்வம். “ஒடம்பு அசதியா இருக்கு”, “கால் இழுக்குது”, “எதுலயும் புடிப்பில்ல” என்று உடம்பின் மொழியில்தான் சொல்வார்கள். கணவரை இழந்து இரண்டு ஆண்டான ஒரு பாட்டியிடம் ஏன் வெளியே போவதில்லை என்று கேட்டோம். “எங்க போறதுக்குத் தம்பி நடக்கணும்?” என்றார். அவர் முட்டியில் பெரிய குறை இல்லை. போவதற்கு இடமும், போனால் பேசுவதற்கு ஆளும் இல்லாமல் போயிருந்தது. இங்கிலாந்தில் 60 வயதைக் கடந்த 3,199 பேரை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2014-ல் வெளியானது. வாழ்க்கையில் மகிழ்ச்சி காண்பதாகச் சொன்னவர்களின் நடை வேகம், அப்படிச் சொல்லாதவர்களைவிட மெதுவாகவே குறைந்தது. உடல்நலம் குன்றியதால்தான் மகிழ்ச்சி குறைந்திருக்கும் என்று வாதிடலாம், ஓரளவு உண்மையும்கூட. ஆனால் தொடக்கத்தில் இருந்த நோய்களைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வேறுபாடு முற்றிலும் மறைந்துவிடவில்லை.

முதுமையைப் பற்றிய எண்ணமே நடையை மாற்றும் என்று காட்டிய ஆய்வொன்றும் உண்டு. 1999-ல் 63 முதல் 82 வயது வரையிலான 47 பேரைக் கணினி விளையாட்டு ஒன்றை ஆட வைத்தார்கள். கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் சிலருக்கு முதுமை பற்றிய நல்ல சொற்கள், சிலருக்கு இழிவான சொற்கள் திரையில் மின்னி மறைந்தன. நல்ல சொற்கள் காட்டப்பட்டவர்களின் நடை வேகம் சுமார் 9 சதவீதம் கூடியது. இது சிறிய ஆய்வு; இந்த வகைச் சோதனைகள் எல்லாமே மறுபடி செய்தபோது அதே முடிவைத் தந்துவிடவில்லை. அதனால் இதை ஒரு குறிப்பாகத்தான் எடுத்துக்கொள்கிறோம், ஆதாரமாக இல்லை. எங்கள் நிலைப்பாடு இதன்மேல் நிற்கவில்லை.

மரபணு பற்றி உண்மையில் தெரிந்தது

இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகள், நடை வேகத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஆறில் ஒரு பங்கு முதல் பாதி வரை மரபால் வருவது என்கின்றன. இந்த எண்ணைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு கூட்டத்தில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பற்றிய கணக்கு இது. உங்கள் பாட்டியின் நடையில் பாதி மரபணு, பாதி மற்றவை என்று பிரித்துக் காட்டுவதில்லை. வாழும் சூழ்நிலை மாறினால் இந்தக் கணக்கே மாறும்.

சரி, எந்த மரபணு? 2017-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று 31,478 முதியவர்களின் நடை வேகத்தையும் மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டது. உறுதியாகச் சொல்லத்தக்க ஒரே ஒரு மரபணு இடம்கூட அதில் தேறவில்லை. அதன்பின் 2020-ல், பிரிட்டனின் உயிரிவங்கியில் உள்ள நாலரை லட்சம் பேரிடம், உங்கள் நடை மெதுவா, நடுத்தரமா, வேகமா என்று கேட்டுப் பெற்ற பதிலை வைத்துத் தேடினார்கள். 70 இடங்கள் தென்பட்டன. எல்லாப் பொது மரபணு வேறுபாடுகளையும் ஒன்றாகக் கூட்டினாலும் நடையின் வேறுபாட்டில் 13 சதவீதம் அளவுக்குத்தான் அவை விளக்கின. அந்த 13 சதவீதத்திலும் ஒரு பகுதி, உடல் எடை வழியாக வருவது. அந்த மக்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவர்களிடம் கண்ட எண்ணைத் திருநெல்வேலியில் இருப்பவருக்கு அப்படியே பொருத்த முடியாது.

தனித்தனியாகப் பேசப்படும் மரபணுக்கள் சில உண்டு. விளையாட்டு வீரர்களின் மரபணு என்று பெயர் பெற்ற ஏ.சி.டி.என்.3, விரைவாகச் சுருங்கும் தசை நாரில் ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. உலகில் ஆறில் ஒருவர் அளவுக்கு அந்தப் புரதம் இல்லாமலேதான் நடமாடுகிறார்கள். முதியவர்களின் நடையில் அதற்கு என்ன பங்கு என்று பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அல்சைமர் நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் ஏ.பி.ஓ.இ.4 வகை உள்ளவர்களில் நடை வேகம் சற்று விரைவாகக் குறைவதாகச் சில ஆய்வுகள் கண்டன. நடையும் அறிவாற்றலும் ஒரே மூளையின் வேலைகள் என்பதால் இதில் வியப்பில்லை. நியூயார்க்கில் பணியாற்றும் நரம்பியல் மருத்துவர் ஜோ வர்கீஸ் 2014-ல் 17 நாடுகளின் 26,802 முதியவர்களின் தரவைத் தொகுத்தார். மெதுவான நடையும் மறதி பற்றிய முறையீடும் சேர்ந்து இருந்தவர்கள் அதில் பத்தில் ஒருவர். அவர்களுக்குப் பின்னாளில் அறிவாற்றல் குறையும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அவர் சார்ந்த குழு கேரளத்தின் கோழிக்கோட்டிலும் முதியவர்களிடம் ஆய்வு நடத்திவருகிறது.

மரபணுவே முழுமுதற் காரணமாக இருக்கும் நோய்களும் உண்டு என்பதை மறைக்க மாட்டோம். எஸ்.சி.ஏ.1 என்ற சிறுமூளைத் தளர்ச்சி நோய் அப்படிப்பட்டது. ஒரே ஒரு மரபணுவில் ஏற்படும் பிழை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தாரிடையே அது வழக்கத்துக்கு மாறாக அதிகம் காணப்படுவதாக 2005-ல் ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. நடு வயதிலேயே நடை குடிகாரர் நடைபோல் அகன்று தள்ளாடும், பேச்சு குழறும். ஊரார் குடி என்று ஏசுவார்கள், சாபம் என்று ஒதுக்குவார்கள். அந்தக் குடும்பங்களுக்கு மரபணுச் சோதனை அவமானத்திலிருந்து விடுதலை. அவர்களுக்கு நரம்பியல் மருத்துவரின் வழிகாட்டலும் ஆலோசனையும் அரசுச் செலவில் கிடைக்க வேண்டும் என்று கோருகிறோம். “எங்க வம்சமே இப்படித்தான்” என்பது மருத்துவ உண்மையாக இருக்கும் இடம் அது. முட்டித் தேய்மானமும் சர்க்கரையும் பயமும் கலந்து அறுபத்தைந்தில் நாற்காலியில் அமர்ந்துவிட்ட ஆயாவின் கதைக்கு அதே பெயரை ஒட்டுவதைத்தான் எதிர்க்கிறோம். ஒரு குடும்பத்தில் கைமாறி வருவது மரபணு மட்டுமில்லை. சமையலும் எடையும் வீட்டின் வழுக்குத் தரையும், வயதானால் மூலையில் உட்கார வேண்டும் என்ற வழக்கமும்கூடத்தான் தலைமுறை தலைமுறையாக வருகின்றன.

சொல்லே நோயாகும்போது

எங்கள் நிலைப்பாட்டுக்கு எங்களை இட்டுவந்த ஆய்வுகளில் முக்கியமானது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2018 டிசம்பரில் வெளியானது. உடற்பயிற்சித் திறனோடு தொடர்புடைய சி.ஆர்.இ.பி.1 என்ற மரபணுவை எடுத்துக்கொண்டார்கள். தன்னார்வலர்களை நடைப்பட்டையில் ஓடவிட்டு அளவு எடுத்தார்கள்; மரபணுவையும் சோதித்தார்கள். சில நாள் கழித்து அவர்களை அழைத்து முடிவைச் சொன்னார்கள். ஆனால் சொன்னது உண்மையான முடிவை இல்லை. சீட்டுக் குலுக்கியது போல, சிலருக்கு நல்ல வகை என்றும் சிலருக்குக் குறைபாடான வகை என்றும் சொன்னார்கள். பிறகு மறுபடி ஓடவிட்டார்கள். குறைபாடு என்று சொல்லப்பட்டவர்களின் நுரையீரல் கொள்ளளவு குறைந்தது. கரியமில வாயுவை வெளியேற்றும் திறன் குறைந்தது. முன்பைவிடச் சீக்கிரமே ஓட்டத்தை நிறுத்தினார்கள். உண்மையில் நல்ல வகை இருந்தும் குறைபாடு என்று கேட்டவர்களுக்கும் இதே கதி. சில அளவுகளில், சொல்லப்பட்டதன் பாதிப்பு உண்மையான மரபணுவின் பாதிப்பைவிடப் பெரிதாக இருந்தது. ஆய்வு முடிந்ததும் அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்கள்.

அதில் கலந்துகொண்டவர்கள் முதியவர்கள் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. ஒருமுறை ஆலோசனையில் கேட்ட சொல் வேறு, நாற்பது ஆண்டு வீட்டில் கேட்ட சொல் வேறு. இருந்தாலும் எங்களைப் பொறுத்தவரை விளைவு தெளிவானது. ஆய்வகத்தில் ஒருமுறை சொன்னதே மூச்சை மாற்றுமானால், “உன் கால் உங்க அம்மா கால்” என்று காலம் முழுக்கக் கேட்ட பெண்ணின் நடைக்கு என்ன ஆகும்? ஆகவேதான் முதியவர்களிடம் தசை பலம், மூட்டு பலம் என்று சொல்லி விற்கப்படும் மரபணு அறிக்கைகளை வெறும் பண விரயம் என்று மட்டும் நாங்கள் பார்க்கவில்லை. நடக்கக்கூடியவரை நடக்க விடாமல் செய்யும் ஆற்றல் அந்தத் தாளுக்கு உண்டு. இத்தகைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும்படி மத்திய, மாநிலச் சுகாதாரத் துறைகளைக் கேட்டுக்கொள்கிறோம். மருத்துவ ஆலோசகர் உடனில்லாமல் எந்த முதியவரிடமும் மரபணு முடிவைத் தரக் கூடாது.

மீட்க முடியும் என்பதற்கு என்ன சான்று

1990-ல் பாஸ்டனில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில், சராசரியாக 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. நடையும் தேறியது. தொண்ணூறு வயதில்! அவர்களுடைய மரபணு அந்த எட்டு வாரத்தில் மாறிவிடவில்லை.

அதைவிடப் பெரிய ஆய்வு 2014-ல் வந்தது. அமெரிக்காவின் எட்டு மையங்களில், ஏற்கெனவே உடல் தளரத் தொடங்கியிருந்த 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேர். ஒரு பகுதியினருக்கு நடைப்பயிற்சியை மையமாக வைத்த பயிற்சி, மற்றவர்களுக்கு உடல்நல வகுப்புகள். சராசரியாக இரண்டரை ஆண்டுக்குச் சற்று மேல் கவனித்தபோது, 400 மீட்டர் நடக்க முடியாமல் போனவர்கள் பயிற்சிக் குழுவில் 30.1 சதவீதம், வகுப்புக் குழுவில் 35.5 சதவீதம். மாயம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் நடை தொலைந்திருக்க வேண்டிய பலருக்குத் தொலையவில்லை. நடை வேகம் வெறும் வசதிக்குரிய விஷயமும் இல்லை. 34,485 முதியவர்களின் தரவைத் தொகுத்து 2011-ல் வந்த ஆய்வில், நொடிக்கு 0.1 மீட்டர் வேகம் கூடினால் இறப்பு வாய்ப்பு சுமார் 12 சதவீதம் குறைந்திருந்தது.

தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மாவுக்கு முதல் வாரம் நடைப்பயிற்சியே இல்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுவது, உட்காருவது மட்டும். விழுந்தால் எப்படி எழுவது என்பதைத் தரையில் பாய் விரித்துச் சொல்லிக் கொடுத்தார் எங்கள் மருத்துவர். அதை அவர் தானாகச் செய்து முடித்த அன்று முகம் மாறியது என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். கொல்லையில் பாசி சுரண்டப்பட்டது. குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பி. தூக்கத்துக்கென்று ஆண்டுக்கணக்கில் விழுங்கிவந்த மாத்திரையை, அவருக்கு மருந்து எழுதும் மருத்துவரே படிப்படியாகக் குறைத்தார். அத்தகைய மாத்திரைகள் முதியவர்களைத் தள்ளாட வைக்கும் என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. மூன்றாவது மாதம் நான்கு மீட்டரை ஆறு நொடியில் நடந்தார். இன்னும் மெதுவான நடைதான். ஆனால் தெருமுனைக் கடைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கிவருகிறார்.

நாங்கள் கோருவது

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு. நாட்டிலேயே கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியவர்களின் விகிதம் அதிகமுள்ள மாநிலம் இது; 2021-க்கான மதிப்பீட்டின்படி மக்கள்தொகையில் 13.6 சதவீதம். இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கென்று தனிப் பிரிவு முதலில் பிறந்ததும் இங்கேதான்: சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், 1978-ல், மருத்துவர் வி.எஸ்.நடராசன் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். இந்த ஏற்பாட்டை நாங்கள் மனமாரப் பாராட்டுகிறோம். அவர் கையில் இருக்கும் படிவத்தில் மூன்று விஷயம் சேர்ந்தால் போதும்: நான்கு மீட்டர் நடை நேரம், விழும் பயம் பற்றிய கேள்வி, மனநிலை பற்றிய கேள்வி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல் அறுபதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் இதைப் பார்க்க வேண்டும். கருவி வேண்டாம், ஒரு சாக்கட்டியும் கைப்பேசியும் போதும்.

ஆய்வுக்கும் இங்கே பெரிய வாய்ப்பு இருக்கிறது. 2017–18-ல் நடந்த இந்திய முதுமை நெடுங்கால ஆய்வு 45 வயதைக் கடந்த 72,000-க்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்தது. 60 வயதைக் கடந்தவர்களை நான்கு மீட்டர் நடக்க வைத்தும் அளந்தது. நம் மக்களின் மரபணு வரிசைகளும் இப்போது ஆயிரக்கணக்கில் தொகுக்கப்பட்டுவிட்டன. இவற்றை இணைத்து ஆராயும்போது பயம், மனச்சோர்வு, தனிமை ஆகியவற்றையும் அதே கவனத்தோடு அளக்க வேண்டும். மரபணுவுக்கு நிதி, மனத்துக்கு ஒரு வரிக் கேள்வி என்ற நிலையை நாங்கள் ஏற்கவில்லை.

2023 நவம்பரில் எல்லா மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை அரசு தொடங்கிவைத்தது. நல்ல முயற்சி. ஆனால் எண்பது மீட்டர் நடக்கவே பயப்படுபவருக்கு அதில் இடம் வேண்டும். நூறு மீட்டருக்கு ஒரு சாய்வுப் பெஞ்சு, பக்கத்தில் ஒரு கழிப்பறை, நாயும் பைக்கும் ஏறாத நடைமேடை. சாலையைக் கடக்கும் பச்சை விளக்கின் நேரத்தை நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவரை மனத்தில் வைத்துக் கணக்கிடுவது பொறியாளர்களின் வழக்கம். நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவர் நடுச்சாலையில் மாட்டிக்கொள்கிறார். ஒருமுறை அப்படி மாட்டியவர் மறுபடி அந்தச் சாலைப் பக்கமே போவதில்லை. சந்தை, கோயில், மருத்துவமனை அருகிலாவது அந்த நேரத்தைக் கூட்ட வேண்டும்.

குடும்பங்களிடம் கேட்பது இதுதான். பெரியவர்களின் கையிலிருந்து வேலையைப் பிடுங்காதீர்கள். தண்ணீர்ச் செம்பை அவர்களே போய் எடுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். “விழுந்துடுவ” என்று சொல்வதற்குப் பதில் “நான் இங்கதான் இருக்கேன்” என்று சொல்லுங்கள். திடீரென நடை மாறினாலோ, ஒரு பக்கம் இழுத்தாலோ, பேச்சு குழறினாலோ இந்த அறிக்கையைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

மற்றபடி, இன்று மாலை கூடத்தில் நான்கு மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். கடைக்குப் போகும்போது எப்படி நடப்பீர்களோ அப்படி நடங்கள் என்று வீட்டுப் பெரியவரிடம் சொல்லி நேரம் பாருங்கள். ஐந்து நொடிக்கு மேல் ஆனால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போவதற்கு முன், பக்கத்தில் உட்கார்ந்து, நடக்கப் பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை மருத்துவரிடமும் சொல்லுங்கள்.